ரொபி மூக்கு

தின்னவேலிச் சந்தியில்
பெயின்ற் கடைக்கு மேல்மாடி.
ஐயெல்ற்ஸ் வகுப்பு, பின்னேரம் நாலரை.
கீழே லொத்தர்க்காரனின் ஒலிபெருக்கி
இன்றைக்கும் யாரையோ
கோடீஸ்வரனாக்கிக்கொண்டிருக்கிறது.

வெள்ளிக்கிழமைகளில்
பாடத்தில் இல்லாத சொற்களைப் படிப்பிப்பேன்.
வீசா எடுக்க உதவாதவை,
வீசா கிடைத்த பிறகு உதவக்கூடியவை.

பலகையில் எழுதினேன்:
ஹொய்ற்றி-ரொய்ற்றி.
"சாப்பிடுற சாமானோ மிஸ்?" துவாரகன்.
இல்லை, ஆக்களை மேலே நின்று கீழே பார்க்கிறவரை
நக்கலடிக்கிற சொல் என்று தொடங்கி
நான் விளக்கி முடிக்கவில்லை.
"ஓ, எடுப்பு" என்றாள் பின்வாங்குக் கஜந்தினி
கொப்பியிலிருந்து தலை தூக்காமல்.
அகராதி அரைப்பக்கம் செலவழித்ததை
நாலெழுத்தில் முடித்துவிட்டாள்.

பேந்து விடுவார்களா?
நடப்புக் காட்டுறது வேற, விலாசம் விடுறது வேற என்று
வாங்குகளுக்கிடையில் வழக்கு.
எடுப்பு நடையில தெரியும்,
லெவல் போனில தெரியும் என்று தீர்ப்புச் சொன்னான்
இரவல் சைக்கிளில் வரும் துவாரகன்.

அடுத்த சொல்லுக்கு மூக்கு இருந்தது.
ரொபி-நோஸ்ட்.
"மூக்கில ரொபி ஒட்டினா எறும்பு வராதோ மிஸ்?"
"தும்மினா?"
அந்தக் கிழமை முழுக்க
கம்பஸ் ஒழுங்கை தொடங்கிக் கல்வியங்காடு மட்டும்
மூக்கு மூக்காய்ப் பார்த்துத் திரிந்தார்களாம்.
முதலில் அகப்பட்டது நான்.
"ஓட்டோக்காரரிட்டயே 'எக்ஸ்கியூஸ் மி' எண்டவ,
சரியான ரொபி-நோஸ்ட்."
படியேறும்போது காதில் விழுந்தது.
உச்சரிப்பில் ஒரு பிழை இல்லை.
நான் படிப்பித்ததல்லவா.

நல்லூர்க் கொடியேறிய கிழமை
ஒருவர் வந்தார்.
இடுப்பில் பட்டு வேட்டி,
மணிக்கட்டில் லண்டன் நேரம்.
சிவஞானசோதி, குறொய்டன், முப்பத்தொரு வருசம்.
பெறாமகளைச் சேர்க்க வேண்டுமாம்.
அக்சுவலி மூன்று, பேசிக்கலி ஐந்து;
கதவுக்குப் பின்னால் கஜந்தினி
விரல் மடித்து எண்ணினாள்.
துவாரகன் மூக்கைத் தொட்டுக் காட்டினான்.
நானும் சிரிப்பை
வரவு இடாப்புக்குள் வைத்து மூடினேன்.

காசு கட்டினார்.
பற்றுச்சீட்டை மடித்தார், விரித்தார், மடித்தார்.
போகவில்லை.

"பிழையா நினைக்காதேங்கோ மிஸ்,
லா-டி-டா எண்டா என்ன?

அப்ப எனக்குப் பெற்றோல் செற்றில இரவு வேலை.
பகல் ஒரு பாங்கில இன்ரவியூ.
வீட்ட போக நேரமில்ல,
கோட்டோடயே கவுண்டருக்கு வந்திட்டன்.
சிகரெட் வாங்க வந்த ஒருத்தன்
தொப்பியத் தூக்கிச் சொன்னான், லா-டி-டா.
நான் பாட்டாக்கும் எண்டு நினைச்சன்.
நானும் திருப்பிப் பாடினன்.
கடை முழுக்கச் சிரிச்சுது. நானும்தான்.
பேந்து ஒரு வருசம்
அவன் வந்தா நான்தான் முதல் பாடுறனான்."

மின்விசிறி ஒரு சுற்று விட்டுச் சுற்றியது.
பலகையில் பாதி அழிபட்டு
ரொய்ற்றி மட்டும் நின்றது.
என்னிடம் சொல் இருந்தது.
வாய்க்கு அருகில் கொண்டுவந்து
திருப்பி விழுங்கினேன்.
சந்தோசத்தில் சொல்வது என்று
ஒரு பொய்யைக் கூட்டிப் பார்த்தேன்,
அது இலக்கணப் பிழை இல்லாமல் நன்றாகவே வந்தது.
சொல்வதற்குள்
கதவுக்குப் பின்னால் இருந்து குரல்:
"எடுப்பு எண்டு கருத்து, அங்கிள்."

அவர் கதவைப் பார்த்தார்.
பிறகு மணிக்கூட்டை;
அங்கே இப்போது மத்தியானம்.
"எடுப்போ?"
"எனக்கோ?"
வேட்டி மடிப்பு குலுங்கத் தொடங்கியது.
"அடி பிள்ளை,
அந்தக் கோட்டே வாடகைக்கு எடுத்ததெல்லோ!"

ஒரு அக்சுவலியும் இல்லாமல்
படியிறங்கிப் போனார்.
துவாரகனின் விரல் இன்னும் மூக்கில்தான் இருந்தது,
எடுக்க மறந்து.

திங்கட்கிழமை பெறாமகள் வந்தாள்.
புதுக் கொப்பி, முன்வாங்கு.
பெயரைச் சொல்ல முதலே கேட்டாள்:
"மிஸ், சித்தப்பா வீட்டில
ஒரே பாட்டைப் பாடிக்கொண்டு திரியிறார்.
அது எந்தப் படத்தில?"